விற்பவரின் உடுப்பு யார் கணக்கில்?

உயர்விலைத் துணிக்கடைகளில் வேலை பார்ப்பவர்களின் உடையைப் பற்றி இரண்டு புகார்கள் நெடுங்காலமாக உண்டு. லட்ச ரூபாய் சூட்டை விற்கிறவரின் கோட்டுக் கை மணிக்கட்டைத் தாண்டித் தொங்குகிறது, பேன்ட் ஷூவின் மேல் மடிந்து மடிந்து விழுகிறது, இவரிடமா யோசனை கேட்பது என்பது ஒன்று. அங்கே நிற்பவர்கள் பத்திரிகை அட்டையிலிருந்து இறங்கி வந்தவர்கள் போல இருக்கிறார்கள், உள்ளே கால் வைக்கவே கூச்சமாக இருக்கிறது என்பது மற்றொன்று. ஒன்றுக்கொன்று முரணான இந்த இரண்டும் ஒரே தெருவிலுள்ள கடைகளைப் பற்றி எழுகின்றன. சில சமயம் ஒரே கடையைப் பற்றியேகூட. இரண்டுமே உண்மை என்றுதான் சொல்ல வேண்டும். விற்பவர்களுக்கு ரசனை இருக்கிறதா இல்லையா என்று விசாரிப்பதால் இந்த முரண் அவிழாது. ரசனை எல்லாத் தொழிலிலும் சிலருக்கு இருக்கும், சிலருக்கு இருக்காது. இங்கே விசாரிக்க வேண்டியது வேறொன்று: அந்த உடுப்புக்குக் காசு யார் கையிலிருந்து போகிறது, அதனால் வரும் வரவு யார் பையில் விழுகிறது. கடைகளின் நூற்றைம்பது ஆண்டுக்கும் மேலான வரலாற்றை இந்தக் கேள்வியோடு திரும்பிப் பார்த்தால், விற்பவர் எங்கே நன்றாக உடுத்துகிறார், எங்கே உடுத்துவதில்லை என்பது ஓரளவுக்குக் கணித்துச் சொல்லக்கூடியதாகவே இருக்கிறது.

பாரிஸிலிருந்து தொடங்கலாம். அரிஸ்டைட் பூசிகோ 1852இல் போன் மார்ஷே கடையில் பங்குதாரராகச் சேர்ந்த காலத்தில், துணிக்கடை என்பது பெரும்பாலும் முதலாளியும் சில உதவியாட்களும் கொண்ட சிறிய இடம். உள்ளே வந்தவர் ஏதாவது வாங்கியாக வேண்டும் என்ற எதிர்பார்ப்பு இருந்தது. விலை பேச்சில் முடிவாகும். பூசிகோவும் அவரைப் போன்றவர்களும் விலையை எழுதி ஒட்டினார்கள், வாங்காமல் சுற்றிப் பார்க்க விட்டார்கள், பிடிக்காத சரக்கைத் திருப்பி எடுத்துக்கொண்டார்கள். இந்த மாற்றங்களை எழுதுபவர்கள் வாங்குபவருக்குக் கிடைத்த சுதந்திரத்தையே பெரிதாகச் சொல்வது வழக்கம். விற்பவருக்கு என்ன நேர்ந்தது என்பதும் கவனிக்கத்தக்கது. பேரம் பேசும் வாய்ச்சாமர்த்தியம்தான் அதுவரை அவருடைய முதல். விலை அட்டையில் ஏறியதும் அந்த முதலுக்கு மதிப்புக் குறைந்துபோனது. வந்தவரைக் கூச்சமில்லாமல் நடமாட விடுவது, கேட்டதை எடுத்துக் காட்டுவது, பாங்காக நிற்பது என்று வேலை மாறியது. பேச்சு விட்டுப்போன இடத்தில் தோற்றம் வந்து உட்கார்ந்தது. எமில் ஸோலா 1883இல் வெளியிட்ட பெருங்கடை நாவலுக்காக போன் மார்ஷேயை நேரில் பார்த்துக் குறிப்பெடுத்தவர். அதில் வரும் விற்பனைப் பெண்கள் கறுப்புப் பட்டு உடுத்தியிருக்கிறார்கள். வெளியூரிலிருந்து பிழைக்க வரும் நாயகி தெனீஸுக்குக் கிடைக்கும் கடையுடை அவள் உடம்புக்குப் பெரிதாக இருக்கிறது. கோட்டுக் கை தொங்குகிறது என்ற இன்றைய புகாரின் பழைய வடிவம் இது.

ஏன் கறுப்பு? அழுக்குத் தெரியாது என்பது சாதாரண காரணம். வண்ணத் துணிகளைக் காட்டும் இடத்தில் காட்டுபவரின் உடை குறுக்கே நிற்கக்கூடாது என்பது வியாபாரக் காரணம். இவற்றைவிட முக்கியமான மூன்றாவது ஒன்று உண்டு. பணக்கார வீட்டுப் பெண்ணுக்கு எதிரில் நிற்பவள் வேலைக்காரி போலத் தெரிந்தால் அவள் சொல்லும் யோசனைக்கு மதிப்பில்லை. அவளுக்குச் சமமாகத் தெரிந்தாலோ வந்தவளுக்கு மனக்கசப்பு. பட்டு அவளை வேலைக்காரிக்கு மேலே தூக்கியது, கறுப்பு அவளைச் சீமாட்டிக்குக் கீழே நிறுத்தியது. ஒரே உடையில் இந்த இரண்டு வேலையும் நடந்தன. அமெரிக்கப் பெருங்கடைகளின் விற்பனைப் பெண்களைப் பற்றி 1986இல் சூசன் போர்ட்டர் பென்சன் எழுதிய விரிவான வரலாற்றில், நிர்வாகங்கள் உடைக் கட்டுப்பாடுகளை வைத்து இந்த எல்லைக்கோட்டுக்காகத் தொடர்ந்து மல்லுக்கட்டியதைக் காணலாம். விற்பவர் மோசமாக உடுத்தினாலும் சிக்கல், மிக நன்றாக உடுத்தினாலும் சிக்கல். ஆக, ‘நன்றாக உடுத்துவது’ என்பது தொடக்கத்திலிருந்தே அவருக்கு வைக்கப்பட்ட இலக்காக இருந்ததில்லை. அளந்து வைத்த இடத்தில் நிற்பதுதான் இலக்கு. இன்றைக்கும் பல விலையுயர்ந்த கடைகளில் ஆணும் பெண்ணும் கறுப்பிலேயே நிற்பதைப் பார்த்து நவீன எளிமை என்று வியப்பவர்கள், அந்தக் கறுப்பின் வயதை மறந்துவிடுகிறார்கள்.

தோர்ஸ்டைன் வெப்லன் 1899இல் எழுதிய ‘ஓய்வு வர்க்கக் கோட்பாடு’ நூலில், பெரிய வீட்டுச் சேவகர்களின் சீருடை அவர்களுடைய சொத்தாகப் பார்க்கப்படுவதில்லை, எஜமானரின் வசதிக்குச் சாட்சியாகவே பார்க்கப்படுகிறது என்று விளக்குகிறார். சேவகனின் சட்டையில் பொன் பொத்தான் இருந்தால் அது எஜமானின் பணம். கடைச் சிப்பந்தியின் உடையும் இதே வகைதான், ஒரே ஒரு வேறுபாட்டோடு. சேவகனின் உடுப்பை எஜமான் தைத்துக் கொடுத்தார். பல கடைகளில் சிப்பந்தி தன் சம்பளத்தில் தானே வாங்கிக்கொள்ள வேண்டியிருந்தது. பிரிட்டனில் துணிக்கடைச் சிப்பந்திகள் கடையோடு சேர்ந்த விடுதியிலேயே தங்கி, கடையிலேயே சாப்பிட்டு, சின்னத் தவறுக்கெல்லாம் அபராதம் கட்டி வாழ்ந்த காலம் அது. எச். ஜி. வெல்ஸ் சிறுவயதில் சவுத்சீ துணிக்கடையில் பயிற்சியாளாகப் பட்ட பாடு 1905இல் வந்த ‘கிப்ஸ்’ நாவலில் பதிவாகியிருக்கிறது. பதினான்கு வயதில் துணிக்கடை வேலைக்குச் சேர்ந்த மார்கரெட் பாண்ட்ஃபீல்டு பிறகு கடைச் சிப்பந்திகள் சங்கத்தில் வளர்ந்து, 1929இல் பிரிட்டிஷ் அமைச்சரவையின் முதல் பெண் உறுப்பினரானார். அந்தத் தலைமுறை நேரம், விடுதி, அபராதம் பற்றிப் போராடியது. உடைச் செலவு அந்தப் பட்டியலில் ஒரு ஓரமாகவே இருந்தது. கண்ணியமாக உடுத்துவது ஒவ்வொருவரின் சொந்தப் பொறுப்பு என்ற எண்ணம் சிப்பந்திகளிடமே ஊறியிருந்தது இதற்கு ஒரு காரணமாக இருக்கலாம். சி. ரைட் மில்ஸ் 1951இல் அமெரிக்க நடுத்தர வர்க்கத்தை ஆராய்ந்தபோது, பெருங்கடைப் பெண்கள் வாடிக்கையாளரின் அந்தஸ்திலிருந்து கொஞ்சம் கடன் வாங்கிக்கொள்வதைக் கவனித்தார். அந்தக் கடனுக்குப் பிணை அவர்களுடைய உடை.

இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் கடை தன் சரக்கைப் பார்க்கும் விதம் மாறியது. பல உற்பத்தியாளர்களின் துணிகளை வாங்கி விற்ற பெருங்கடையின் இடத்தில், ஒரே பெயரை மட்டும் விற்கும் கடைகள் எழுந்தன. ரால்ப் லாரன் பெவர்லி ஹில்ஸில் 1971இல் தனிக்கடை திறந்தார். 1986இல் நியூயார்க் மேடிசன் அவென்யூவில் ஒரு பழைய மாளிகையையே கடையாக்கினார். அங்கே விற்கப்பட்டது சட்டை மட்டும் என்று யாரும் நம்பவில்லை. ஒரு குடும்பத்தின் தலைமுறைச் செல்வம் என்ற கற்பனைக்குள் வாங்குபவரை அழைத்துப்போவதுதான் ஏற்பாடு. மர வேலைப்பாடு, கம்பளம், பழைய ஓவியம் ஆகியவற்றோடு விற்பவரும் அந்தக் காட்சியின் பகுதியானார். குறுக்கே நிற்காமல் ஒதுங்கியிருக்க வேண்டியவர் இப்போது சரக்கையே உடுத்திக்கொண்டு நிற்க வேண்டும். ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரத்துக் கடைகளையும் ஹோட்டல்களையும் ஆராய்ந்த கிறிஸ் வார்ஹர்ஸ்ட், டென்னிஸ் நிக்சன் முதலியோர் இதற்குத் ‘தோற்ற உழைப்பு’ என்ற பொருளில் ஒரு பெயர் வைத்தார்கள். நிறுவனங்கள் தேடுவது கைத்திறனையோ படிப்பையோ விட, பார்வைக்குப் பொருந்தும் உடலையும் காதுக்குப் பொருந்தும் பேச்சையும் என்பதே அவர்களுடைய முடிவு. எனக்கு முக்கியமாகப் படுவது அந்தப் பெயரின் பின்பாதி. உழைப்பு என்று ஒப்புக்கொண்டால், கூலி என்ற கேள்வி பின்னாலேயே வரும்.

விற்பவரின் உடையால் வியாபாரம் உண்மையிலேயே கூடுகிறதா என்று முதலில் பார்த்துவிட வேண்டும். கூடாது என்றால் இந்த விவாதமே வீண். மார்கன் வார்டு, டேரன் டால் என்ற இரு ஆய்வாளர்கள் 2014இல் வெளியிட்ட ஆய்வு இங்கே பயன்படும். ஆடம்பரக் கடைகளில் விற்பவர் அலட்சியமாக நடந்துகொண்டால், அந்தப் பெயருக்காக ஏங்கும் வாடிக்கையாளருக்கு வாங்கும் ஆசை குறைவதற்குப் பதிலாகக் கூடுகிறது என்று அவர்கள் காட்டினார்கள். செய்தித்தாள்கள் இந்த வேடிக்கையை மட்டும் எடுத்துக்கொண்டன. ஆய்வில் இருந்த நிபந்தனை அதைவிடச் சுவையானது: விற்பவர் அந்த நிறுவனத்துக்கு உரியவராகத் தோற்றமளித்தால்தான் இந்த விளைவு. பொருத்தமில்லாத தோற்றத்தோடு அலட்சியம் காட்டினால் வந்தவர் எரிச்சலோடு போய்விடுகிறார். சாதாரண விலைக் கடைகளில் இந்த விளைவே கிடையாது. நாள் செல்லச்செல்ல விளைவு தேய்ந்தும் போகிறது. எதிர்ப்பக்கத்தில் இன்னொரு ஆய்வு நிற்கிறது. அதே டால், ஜெனிஃபர் ஆர்கோ, ஆண்ட்ரியா மொராலஸ் ஆகியோருடன் 2012இல் வெளியிட்டது அது. தன் தோற்றத்தைப் பற்றித் தாழ்வான எண்ணம் உள்ள ஒருவர் ஒரு உடையைப் போட்டுப் பார்க்கும் வேளையில், அழகான இன்னொருவர் அதே உடையில் எதிரே நின்றால், அந்த உடையின் மீதான மதிப்பு அவருக்குக் குறைந்துவிடுகிறது. இரண்டையும் சேர்த்துப் படித்தால் ஒன்று தெளிவாகிறது: உடை வேலை செய்கிறது, ஆனால் ஒரே திசையில் எப்போதும் வேலை செய்வதில்லை. பழைய கடைக்காரர்கள் கறுப்பை வைத்துச் சமாளித்த அந்தத் தராசு இன்னும் அங்கேயே இருக்கிறது.

வரவு கடைக்கு என்றால் செலவு யாருக்கு? இதற்கு நல்ல ஆதாரம் நீதிமன்றங்களிலும் அரசு ஆணைகளிலும் கிடைக்கிறது. அமெரிக்காவின் அபர்கிராம்பி அண்டு பிட்ச் நிறுவனம் தன் கடைச் சிப்பந்திகளை ‘மாடல்கள்’ என்று அழைத்தது. தலைமுடி முதல் காலணி வரை என்ன இருக்க வேண்டும் என்று தோற்ற விதிமுறை வகுத்தது. அந்த நிறுவனத்தின் துணியைச் சொந்தக் காசில் வாங்கி அணியச் சொன்னதாக எழுந்த வழக்கில் 2003இல் கலிபோர்னியாவில் 22 லட்சம் டாலர் கொடுத்துச் சமரசம் செய்துகொள்ள நேர்ந்தது. பிரிட்டனில் மான்சூன் ஆக்சசரைஸ் நிறுவனம் தன் உடைகளைக் கழிவு விலையில் வாங்கி அணியும்படி ஊழியர்களிடம் சொல்லியிருந்தது. கழிவு இருந்தாலும், அந்தச் செலவைச் சம்பளத்தில் கழித்தால் கையில் நிற்பது சட்டப்படியான குறைந்தபட்சக் கூலிக்குக் கீழே போய்விடுகிறது என்று அரசு கண்டது. 2015இல் 1,400க்கும் மேற்பட்ட ஊழியர்களுக்கு ஒரு லட்சம் பவுண்டுக்கு மேல் திருப்பித்தர வேண்டியதாயிற்று. அந்த ஆண்டு அக்டோபர் முதல் பிரிட்டனின் குறைந்தபட்சக் கூலி மணிக்கு 6.70 பவுண்டு. வாரம் நாற்பது மணி நேரம் நின்றால் 268 பவுண்டு. லண்டன் சாவில் ரோவில் அளவெடுத்துத் தைக்கும் சூட் ஒன்றின் விலை அப்போதே மூவாயிரம் பவுண்டைத் தாண்டியிருந்தது. அப்படியொரு சூட்டைப் போட, வாடகையும் சோறும் இல்லாமல் பதினொரு வாரம் உழைக்க வேண்டும். அந்தக் கணக்கைத் தெரிந்துகொண்ட பிறகு கோட்டுக் கையின் நீளத்தைக் குறை சொல்ல நாக்கு எழாது.

ரசனைக்குப் பணம் தேவையில்லை, கொஞ்சத்தில் நேர்த்தியாக உடுத்துபவர்கள் எத்தனையோ பேர் என்று ஒருவர் மறுக்கலாம். சரிதான். பழைய துணிச் சந்தையில் நல்ல கோட்டு ஒன்றைப் பொறுக்கி எடுத்து, தையல்காரரிடம் கொடுத்து அளவு திருத்திப் போட்டுக்கொள்ளத் தெரிந்தவர்கள் எல்லா ஊரிலும் உண்டு. கடைச் சிப்பந்திக்கு அந்த வழி திறந்திருக்கிறதா என்று பார்த்தால் பெரும்பாலும் இல்லை. அவர் போட வேண்டியது இந்தக் கடையின் துணி. அதிலும் இந்தப் பருவத்தின் துணி. ஆறு மாதம் கழித்து அது பழசு. பத்து வருஷம் உழைக்கும் ஒரே கோட்டில் பணத்தைப் போட்டு மிச்சம் பிடிக்கும் சிக்கனக்காரனின் கணக்கு இங்கே செல்லாது. நாள் முழுக்க நின்று, குனிந்து, அலமாரி ஏறி இறங்கும் வேலை துணியையும் காலணியையும் தேய்க்கிற வேகம், அலுவலக நாற்காலியில் உட்கார்ந்திருப்பவருக்குப் புரியாது. அளவு திருத்தம் என்பது தனிச் செலவு. வாடிக்கையாளரின் பேன்ட் நீளத்தைக் கடைத் தையல்காரர் இலவசமாகவே சரிசெய்து கொடுக்கலாம். சிப்பந்தியின் பேன்ட்டுக்கும் அதே சலுகை உண்டா என்பதை வைத்தே, ஒரு கடை தன் ஆட்களின் தோற்றத்தை எவ்வளவு மதிக்கிறது என்று சொல்லிவிடலாம்.

உடைக்குச் செலவு செய்யாமல் நன்றாக உடுத்திய ஆட்களைக் கடையில் நிறுத்த ஒரு மலிவான வழி உண்டு. ஏற்கெனவே நன்றாக உடுத்தியிருப்பவர்களை வேலைக்கு எடுப்பது. கிறிஸ்டின் வில்லியம்ஸ், கேதரின் கானல் இருவரும் 2010இல் எழுதிய ஆய்வு இதைத்தான் காட்டுகிறது. உயர்விலைக் கடைகள் குறைந்த சம்பளத்துக்கே நடுத்தர வர்க்க இளைஞர்களை ஈர்த்துக்கொள்கின்றன. அந்தப் பெயரின் மேலுள்ள மோகமும் கழிவு விலையில் கிடைக்கும் துணியும் சம்பளக் குறையை ஈடுகட்டுவதாக அவர்களுக்குத் தோன்றுகிறது. அவர்களுடைய பல் வரிசைக்கும் பேச்சுக்கும் காலணிக்கும் செலவழித்தது அவர்களுடைய பெற்றோர். அந்தச் செலவின் பலனைக் கடை இலவசமாகப் பெற்றுக்கொள்கிறது. சம்பளத்தையே நம்பி வாழ வேண்டியவருக்கு அந்தக் கதவு தானாகவே மூடிக்கொள்கிறது. இது கொஞ்சம் முற்றினால் வெளிப்படையான பாகுபாடாகிவிடும். அபர்கிராம்பி மீது சிறுபான்மை இனத்தவர் தொடுத்த வழக்கு 2004இல் நாலு கோடி டாலர் சமரசத்தில் முடிந்தது. 2008இல் ஓக்லஹோமாவின் டல்சா நகரில் வேலைக்கு வந்த ஒரு முஸ்லிம் இளம்பெண்ணைத் தலைத்துணியைக் காரணம் காட்டித் திருப்பியனுப்பிய வழக்கில், அமெரிக்க உச்ச நீதிமன்றம் 2015இல் எட்டுக்கு ஒன்று என்ற கணக்கில் அந்த நிறுவனத்துக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. உடையின் செலவுக் கேள்வியும் பாகுபாட்டுக் கேள்வியும் தனித்தனியாகவே பேசப்பட்டுவருகின்றன. முதலாவதைக் கடை தீர்க்காமல் விட்டதால்தான் இரண்டாவது பெருமளவு முளைக்கிறது என்பது என் கருத்து.

அப்படியானால் சீருடை கொடுத்துவிட்டால் போயிற்றே என்பது அடுத்த மறுப்பு. பெரிய ஆடம்பர நிறுவனங்கள் பல இதைச் செய்கின்றன. பருவத்துக்கு இத்தனை உருப்படி என்று தம் ஆட்களுக்குத் துணி கொடுக்கின்றன. செலவைப் பொறுத்தவரை இது நேர்மையான ஏற்பாடு, அதை மறுப்பதற்கில்லை. விற்பவர் நன்றாக உடுத்தியிருக்கிறாரா என்ற கேள்விக்கு மட்டும் இது பதிலாகாது. ஒரே வெட்டில் தைத்ததை முப்பது உடம்பில் மாட்டினால் பத்துப் பேருக்குப் பொருந்தும், பத்துப் பேருக்குப் பரவாயில்லை, மீதிப் பேர் தெனீஸைப் போல நிற்க வேண்டியதுதான். கூடவே, உடையைக் கொடுத்த கடை உடலின் மேலும் உரிமை கொண்டாடத் தொடங்குகிறது. லண்டன் ஹாரட்ஸில் பெண் ஊழியர்கள் நாள் முழுதும் முழு ஒப்பனையோடு இருக்க வேண்டும் என்ற விதி 2011இல் வெளியே தெரிந்து பெரும் சர்ச்சையானது. கண்மை, உதட்டுச் சாயம் என்று ஒவ்வொன்றும் அதில் எழுதப்பட்டிருந்தது. ஒப்பனைப் பொருளுக்கும் அதற்காக விடியற்காலையில் போகும் நேரத்துக்கும் சம்பளச் சீட்டில் இடம் கிடையாது. ஆண்களிடம் அதே கடைகள் சவரத்தோடு நிறுத்திக்கொள்ளும்.

இந்த இடத்தில் தமிழ்நாட்டுப் பட்டுக் கடைகளை நினைத்துப் பார்ப்பது பொருத்தம். 1928இல் தொடங்கிய நல்லி உள்ள தியாகராய நகரிலும் காஞ்சிபுரத்திலும், ஐம்பதாயிரம், லட்சம் என்று விலைபோகும் கல்யாணப் புடவையை எடுத்து விரிப்பவர் சாதாரணப் பேன்ட் சட்டையில் இருப்பார். பெண் ஊழியர்கள் சீருடைப் புடவையில் நிற்பார்கள், அதுவும் பெரும்பாலும் சிந்தெட்டிக். யார் கடை ஆள், யார் வாடிக்கையாளர் என்று கூட்டத்தில் தெரிந்தால் போதும் என்பதே அந்தச் சீருடையின் நோக்கம். விற்பவர் பட்டு உடுத்தியிருந்தால்தான் நம்புவேன் என்று எந்தக் கல்யாண வீட்டாரும் சொன்னதில்லை. காரணம் கண்ணுக்கு முன்னால் இருக்கிறது. வாங்க வருகிற கூட்டத்தில் இரண்டு தலைமுறைப் பெண்களாவது இருப்பார்கள். உடலும் கரையும் கோர்வையாக நெய்ததா, ஜரிகை எப்படி, முந்தானை நிறம் எடுபடுகிறதா என்று அவர்களே பார்த்துக்கொள்வார்கள். விற்பவரிடம் எதிர்பார்ப்பது சரக்கறிவும் பொறுமையும்தான். நூறு புடவையைப் பிரித்துப் போட்டுவிட்டு நூற்றொன்றாவதையும் முகம் சுளிக்காமல் எடுக்க வேண்டும், தேவைப்பட்டால் ஆணாக இருந்தாலும் தன் தோள்மேலேயே முந்தானையைப் போட்டுக் காட்ட வேண்டும். சட்டைக்கு மேல் போட்ட அந்தப் பட்டு முந்தானையைப் பார்த்து யாரும் சிரிப்பதில்லை. துணியை வாங்குபவரே எடைபோடத் தெரிந்த இடத்தில் விற்பவரின் உடைக்கு வேலை குறைவு. பெயரை நம்பி வாங்கும் இடத்தில்தான், துணி சொல்லாததையெல்லாம் அவருடைய உடை சொல்ல வேண்டியிருக்கிறது.

பட்டுக் கடையை இதனால் நல்ல கடையென்று கொண்டாட முடியாது. தோற்றச் சுமை இல்லையே தவிர மற்றச் சுமைகள் எல்லாம் உண்டு. தென்மாவட்டங்களிலிருந்து வந்து விடுதியில் தங்கி வேலை பார்ப்பவர்களின் வாழ்க்கை, வசந்தபாலனின் ‘அங்காடித் தெரு’ படம் 2010இல் வந்த பிறகுதான் பரவலாகப் பேசப்பட்டது. வேலை நேரத்தில் உட்கார ஒரு இருக்கை வேண்டும் என்பதைச் சட்டமாக்கக் கேரளம் 2018 வரையும் தமிழ்நாடு 2021 வரையும் காத்திருக்க வேண்டியிருந்தது. வெல்ஸ் காலத்துப் பிரிட்டனில் நடந்த விடுதி, அபராத விவாதங்களைப் படிப்பவருக்குத் தியாகராய நகரின் ரங்கநாதன் தெரு நினைவுக்கு வராமல் போகாது.

நன்றாக உடுத்திய விற்பனையாளர் எங்குமே இல்லையா என்றால், இருக்கிறார்கள். அவர்கள் அந்த இடத்தில் நீடிப்பதில்லை. ஜார்ஜோ அர்மானி 1957இல் மிலான் நகரின் லா ரினாசென்டே பெருங்கடையில் கண்ணாடிப் பெட்டி அலங்காரமும் விற்பனையும் செய்தவர். ரால்ப் லாரன் சிறிது காலம் புரூக்ஸ் பிரதர்ஸில் விற்பனையாளராக இருந்து, பிறகு கழுத்துப்பட்டை விற்றுக்கொண்டே தன் தொழிலைத் தொடங்கினார். டாமி நட்டர் லண்டனில் ஒரு தையலகத்தின் முன்பக்கம் நின்று வாடிக்கையாளரை வரவேற்றவர். 1969இல் வெட்டுக் கலைஞர் எட்வர்டு செக்ஸ்டனோடு சாவில் ரோவில் சொந்தக் கடை போட்டார். அந்த ஆண்டே வெளியான ‘அபே ரோடு’ இசைத்தட்டு அட்டையில் பீட்டில்ஸ் நால்வரில் மூவர் அவருடைய சூட்டில் நடக்கிறார்கள். உடுத்தத் தெரிந்தவனுக்கு விற்பனைப் பலகைக்குப் பின்னால் கிடைக்கும் கூலி, அவனுடைய திறமையின் விலைக்குப் பக்கத்தில்கூட வராது. அதனால் அவன் வெளியேறுகிறான். எல்லோரும் அர்மானி ஆவதில்லை; பலர் வேறு வேலைக்குப் போய்விடுவார்கள். மிஞ்சி நிற்பவர்களை மட்டும் பார்த்துவிட்டு இந்தத் தொழிலில் ரசனை இல்லை என்று முடிவுகட்டுவது அநியாயம். அளவெடுத்துத் தைக்கும் பழைய கடைகள் இதற்கு ஓரளவு விலக்கு. அங்கே முன்னால் நிற்பவரே பெரும்பாலும் வெட்டத் தெரிந்தவர், அவர் மேலிருக்கும் கோட்டு அவர் கடையிலேயே தைத்தது. திறமையும் துணியும் கூலியும் ஒரே கூரைக்குக் கீழே இருப்பதால், அவர் உடுத்துவது அவர் தொழிலின் தொடர்ச்சியாகவே அமைந்துவிடுகிறது. கமிஷன் அதிகம் கிடைத்து, ஒரே கடையில் இருபது ஆண்டு நிலைத்த விற்பனையாளர்களிடமும் இதன் சாயல் தெரியும். வருகிற வாடிக்கையாளரில் பாதிப்பேர் அவரைத் தேடி வருகிறவர்கள் என்றால், கோட்டுக்கு அவர் போடும் பணம் அவருடைய சொந்த வியாபாரத்தில் போடும் முதல்.

கடைக்காக உடுத்துவது, சொந்த முதலாக உடுத்துவது என்ற இரண்டு நிலைக்கும் இடைப்பட்ட ஒரு பரிசோதனை டோக்கியோவில் நடந்தது. ஷிபுயா 109 என்ற கட்டடத்தின் இளம்பெண்கள் துணிக்கடைகளில், தொண்ணூறுகளின் கடைசியில், சில விற்பனைப் பெண்கள் நடிகைகளுக்குச் சமமான புகழ் பெற்றார்கள். அவர்கள் அன்று உடுத்தியிருப்பதை மேலிருந்து கீழ்வரை அப்படியே கொடுங்கள் என்று கேட்டு வாங்கும் கூட்டம் வந்தது. ‘கரிஸ்மா’ சிப்பந்திகள் என்று பத்திரிகைகள் எழுதின. 1999இல் ஜப்பான் முழுக்க அடிபட்ட சொற்களில் அது ஒன்று. சரக்கு மலிவுதான், ஆடம்பரம் என்று சொல்ல முடியாது. ஆனாலும் விற்பவரின் உடையே விற்பனை என்பது இவ்வளவு பச்சையாக வேறெங்கும் தெரிந்ததில்லை. அவர்கள் உண்மையிலேயே நன்றாக உடுத்தினார்கள், ஏனென்றால் உடுத்துவதில் அவர்களுக்கென்று ஒரு பங்கு இருந்தது: பெயர், பத்திரிகைப் பக்கம், சிலருக்குத் துணி வடிவமைக்கும் வாய்ப்பு. இதுதான் முன்னேற வழி என்று வாதிடுபவர்கள் உண்டு. வெகுசிலருக்கு அப்படித்தான் ஆனது. அவர்களைப் பார்த்து அதே தெருவில் வேலைக்குச் சேர்ந்த மற்றவர்கள், கடைத் துணியைக் கழிவு விலையில் மாதாமாதம் வாங்கி, சம்பளத்தில் ஒரு பகுதியை வந்த இடத்துக்கே திருப்பிக் கொடுத்தார்கள். வயது இருபத்தைந்தைத் தாண்டியதும் அந்த மேடையும் இல்லை.

கடந்த பத்து ஆண்டுகளில் அதே ஜப்பானில் இந்தக் கணக்கு வேறொரு கட்டத்துக்கு வந்திருக்கிறது. 1976இல் தொடங்கிய பீம்ஸ் போன்ற நிறுவனங்களின் இணையக் கடைகளில், கடைச் சிப்பந்திகள் தாங்களே உடுத்தி எடுத்த படங்கள் உயரம், அளவு விவரங்களோடு வரிசையாக இடம்பெறுகின்றன. 2016இல் வந்த ‘ஸ்டாஃப் ஸ்டார்ட்’ என்ற மென்பொருள் சேவை, எந்தச் சிப்பந்தியின் எந்தப் படத்தைப் பார்த்து எத்தனை யென்னுக்கு வியாபாரம் நடந்தது என்று தனித்தனியாகப் பிரித்துச் சொல்லிவிடுகிறது. உடை விற்கிறதா, எவ்வளவு விற்கிறது என்று அளக்க முடியாது என்பதே இத்தனை காலமும் கடைகள் கையில் வைத்திருந்த சமாதானம். போன் மார்ஷேயின் கறுப்புப் பட்டு எத்தனை கஜம் துணியை விற்றுக் கொடுத்தது என்று யாராலும் சொல்ல முடியாது. இந்தப் படத்தைப் பற்றிச் சொல்ல முடியும். அப்படிக் கிடைத்த எண்ணை வைத்து விற்றவருக்கு ஒரு பங்கு தருவதா, பதவி உயர்வில் சேர்த்துக்கொள்வதா, அல்லது அலுவலகச் சுவரில் முதல் பத்துப் பேரின் பெயரை ஒட்டுவதோடு விட்டுவிடுவதா என்பது இன்னும் கடைக்காரரின் விருப்பத்தில்தான் இருக்கிறது. படத்தில் இருக்கும் அந்தச் சட்டையை விற்பவர் தன் சம்பளத்தில் வாங்கினாரா, கடை கொடுத்ததா என்ற விவரத்துக்கு அந்தப் பக்கத்தில் கட்டம் எதுவும் இல்லை.